மாம்பழமும் தேக சௌக்கியமும்

(மம்சாபுரத்தில் கூடிய நம் சங்கத்தார் சபையில் நிகழ்த்திய பிரசங்கம்)



இச்சபையில் ஒரு பிரசங்கம் செய்தல் வேண்டும் என்று காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தபோது, எப்பொருளை எடுத்துக்கொள்வதென்று யாம் பல நாள் சிந்தித்தோம். கல்வி நிதியைப் பற்றியும், கலியாணச் செலவைச் சுருக்குவதைப் பற்றியும் எம்மினும் வல்லார் பலர் இங்கே பேசியிருக்கின்றனர், இன்னும் பேசுவர். யாம் எடுத்துக்கொண்ட பொருள் மாம்பழம். இதைக் கேட்டதும் சிலர் நகைக்கக்கூடும். "மாம்பழம் தின்னக் கற்றுக்கொடுக்கவா ஒரு பிரசங்கம்?" என்று கேட்பதும் நியாயமே. ஆயினும், நம் வீட்டு வாசலிலே விளையும் ஒரு கனியை நாம் உண்ணும் முறையிலும், விற்கும் முறையிலும், பங்கிடும் முறையிலும் மூன்று பிழைகள் இருக்கின்றன என்பது எம் எண்ணம். அம்மூன்றையும் சொல்லி முடிக்குமளவும் பொறுத்தருளுமாறு வேண்டிக்கொள்கின்றோம்.

நாம் வாழும் ஊர் எத்தகைய ஊர் என்பதை முதலில் நினைவுகூர்வோம். ஒருபுறம் ஆண்டாள் திருக்கோயிலின் கோபுரம் விளங்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்; தெற்கே நூற்பாலைகள் நிறைந்த இராஜபாளையம்; மேற்கே மேகம் தவழும் மலைத்தொடர். அம்மலைச்சாரலில் 1988ஆம் ஆண்டு சாம்பல்நிற அணில்களுக்கென ஒரு சரணாலயம் அமைத்தனர். 2021ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமும் ஏற்பட்டது. அம்மலையடிவாரத்துத் தோப்புகளிலேதான் இராஜபாளையத்துச் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் விளைகின்றன. சப்பட்டை என்பது வடிவத்தால் வந்த பெயர். பங்கனபள்ளியும் இமாம்பசந்தும் பிற சீமைகளிலிருந்து வந்து புகழ் பெற்றிருக்கலாம், ஆயினும் நம் பக்கத்துப் பிள்ளை வெளியூரில் வேலை பார்த்துச் சித்திரை வைகாசியில் வீடு திரும்பினால், முதலில் கேட்பது "சப்பட்டை வந்துவிட்டதா?" என்பதே. மார்கழி தையில் பூத்து, பங்குனியில் காய் திரண்டு, சித்திரை தொடங்கி ஆனி வரையில் பழுத்துக் குவியும் இச்செல்வம் நமக்குக் கிடைத்தது புண்ணியமே.

மாவும் பலாவும் வாழையும் முக்கனி என நம் முன்னோர் வகுத்தனர். மாமரம் இந்நாட்டிலும் இதனை அடுத்த கீழ்த்திசை நாடுகளிலும் தோன்றியதென்று தாவர நூலார் கூறுவர். கப்பலேறி வந்த போர்ச்சுக்கீசியர் இக்கனியின் பெயரைத் தென்னாட்டார் வாயிலிருந்து கேட்டே தம் மொழியிற் கொண்டனர். அதிலிருந்தே ஆங்கிலேயருக்கும் அப்பெயர் சென்றது. இன்றும் உலகில் விளையும் மாம்பழத்தில் மிகப்பெரும் பங்கு இந்தியாவில் விளைவதே. இவ்வளவு பழைமையும் பெருமையும் உடைய கனியின் குணத்தை நாம் நாவால் அறிந்த அளவுக்கு அறிவால் அறியவில்லை.

இனி இக்கனியிலுள்ள சத்துக்களைக் கூறுவோம்.

மாம்பழத்தின் பொன்னிறத்திற்குக் காரணமான பொருளைக் கரோட்டின் என்பர். அது நம் உடலிற் சேர்ந்து 'ஏ' ஜீவசத்தாக மாறுகின்றது. இச்சத்துக் குறைந்தால் முதலில் மாலைக்கண் தோன்றும். பின்னர்க் கண்ணின் வெள்ளை வறளும். குழந்தைகளாயின் கருவிழியே கரைந்து பார்வை முற்றும் அழிவதும் உண்டு. இஃது ஏட்டுச் செய்தியன்று. நம் தென்பாண்டி நாட்டு வடமலாபுரத்தில் 1918ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் வெங்கடசாமி அவர்கள், மதுரை அரசினர் மருத்துவமனையில் கண்வைத்தியராயிருந்த காலத்தில், இக்குறையாற் கண்ணிழந்த சிசுக்களை நேரிற் கண்டு மனம் நொந்தவர். மருந்து கொடுத்து அனுப்பினாற் போதாது, உணவைத் திருத்தினாலன்றிக் குழந்தை மீண்டும் அதே நோயோடு வரும் என்று கண்டு, 1970களில் மதுரையில் அத்தகைய குழந்தைகளுக்கென ஊட்டச்சத்து நிலையம் ஒன்றை நடத்தினார். பின்னர் 1976ஆம் ஆண்டு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய பெருமகனாரும் அவரே. 1970ஆம் ஆண்டு முதல் அரசினரும் குழந்தைகளுக்கு 'ஏ' ஜீவசத்துத் திரவம் கொடுத்து வருதலால், அக்கொடுமை இக்காலத்திற் பெரிதும் குறைந்துள்ளது. குறைந்ததே யொழியக் காரணம் மறைந்துவிடவில்லை.

ஒரு மாம்பழத்தால் அன்றாடம் வேண்டும் 'ஏ' சத்து முழுவதும் கிடைத்துவிடுமென்று யாம் சொல்லோம். முருங்கைக்கீரையில் இதனினும் பன்மடங்கு உண்டு. ஆனால் கீரையைக் கண்டு முகஞ்சுளிக்கும் குழந்தை மாம்பழத்தைக் கண்டு முகஞ்சுளிப்பதில்லை. அன்றியும், இச்சத்தை நம் ஈரல் சேமித்து வைத்துப் பல மாதங்கள் வரை செலவிடவல்லது. ஆகவே சித்திரை முதல் ஆனி வரை குழந்தை நாள்தோறும் உண்ணும் பழம், பழமில்லாத மாதங்களுக்கும் ஒருவாறு உதவுகின்றது. கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தே உடலில் நன்கு ஏறும். பாலும் நெய்யும் கலந்த உணவோடு பழத்தை உண்ட நம் முன்னோர் வழக்கம் இதற்குப் பொருத்தமானதே.

இரண்டாவது, 'சி' ஜீவசத்து. 100 கிராம் சதைப்பற்றில் இது சுமார் 35 மில்லிகிராம் உண்டு. நடுத்தரப் பழம் ஒன்றின் இரு கதுப்புகளையும் உண்பவர் ஒரு நாளைக்கு வேண்டியதிற் பெரும்பங்கைப் பெற்றுவிடுகின்றார். இச்சத்து ஈறுகளையும் தோலையும் காக்கும்; புண் ஆற உதவும். இவற்றினும் முக்கியமான வேலை ஒன்று இதற்குண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம். மூன்றாவது, நார்ப்பொருள். மலச்சிக்கலுக்கு நாள்தோறும் பேதி மாத்திரை தேடும் முதியோர், பழத்தைச் சாறாக்கிக் குடியாமல் மென்று உண்பாராயின் பயன் காண்பர்.

1918ஆம் ஆண்டு குன்னூரில் மக்காரிசன் துரை தொடங்கிய உணவாராய்ச்சியே பின்னர் வளர்ந்து ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையமாயிற்று. அந்நிலையத்தார் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு நெறியில், நாளொன்றுக்குக் காய்கறி 400 கிராமும் பழம் 100 கிராமும் வேண்டுமென வகுத்திருக்கின்றனர். நம் வீடுகளில் விருந்தன்று இலை நிறையப் பழம் வைக்கின்றோம். மற்ற நாட்களில் எத்தனை வீட்டில் 100 கிராம் பழம் ஒவ்வொருவருக்கும் கிடைக்கின்றது என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கலாம்.

இனி, பலர் கூறும் ஆட்சேபங்களுக்கு வருவோம்.

"மாம்பழம் சூடு, கட்டி வரும்" என்பது முதல் ஆட்சேபம். மாமரம் முந்திரியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் காம்பிலிருந்து வடியும் பால் தோலை எரிக்கும் தன்மையுடையது. காம்பைச் சரியாக அறுக்காமலும், தோலைக் கழுவாமலும், பல்லாற் கடித்து உரித்து உண்பவருக்கு உதட்டிலும் கன்னத்திலும் கொப்புளம் காண்பது இதனாலேயே. கோடை வேர்வையில் தோன்றும் கட்டிகளும் அதே காலத்தில் வருதலால் பழி முழுதும் பழத்தின்மேல் விழுகின்றது. பழத்தைச் சிறிது நேரம் நீரில் இட்டு, நன்கு கழுவி, காம்பருகே சற்று அதிகமாக அரிந்து எறிந்துவிட்டு உண்டால் இத்துன்பம் பெரும்பாலும் நேராது. பழத்தை நீரிலிட்ட பாட்டிமார் இச்செய்தியைப் புத்தகத்திற் படித்தவரல்லர்; செயலில் அறிந்தவர்.

"மதுமேகம் உள்ளவர் தொடலாமா?" என்பது இரண்டாவது. 2023ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சியொன்று இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்று காட்டிற்று. நம் சங்கத்தாரிலும் மாத்திரை உண்ணாத முதியோரைத் தேடித்தான் காண வேண்டும். ஆகவே இதில் வழுக்கிப் பேசுதல் தகாது. 100 கிராம் மாம்பழத்தில் சுமார் 14 கிராம் சர்க்கரை உண்டு; பெரிய பழம் ஒன்றை முழுதும் உண்டால் ஆறேழு தேக்கரண்டி சர்க்கரை உள்ளே செல்கின்றது. எனவே நீரிழிவு கட்டுக்குள் இருப்பவர், தம் வைத்தியரைக் கேட்டு, வயிறு நிறையச் சோறுண்டபின் அன்று, சோற்றைக் குறைத்து அதற்கு ஈடாக ஒரு சிறு கதுப்பு உண்ணலாம். கட்டுக்குள் இல்லாதவர் கட்டுக்குக் கொண்டுவந்த பின்னரே ஆசைப்படுதல் நன்று. சிறுநீரக நோயாளர் வைத்தியர் சொல்லின்றித் தொடாதிருத்தல் வேண்டும். மாம்பழம் மருந்தென்று சொல்லி எவரையும் மயக்குதல் எம் கருத்தன்று, அஃது உணவு, நல்ல உணவு, அளவறிந்து உண்ண வேண்டிய உணவு.

இங்கே ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. பழம் சூடென்று பிள்ளைக்கு மறுக்கும் தாய்தந்தையர், புட்டியில் அடைத்த மாம்பழ பானத்தை மட்டும் தடையின்றி வாங்கித் தருகின்றனர். அதில் பழச்சாறு நூற்றுக்குப் பத்துப் பங்கு இருந்தாற் சட்டத்துக்குப் போதும். எஞ்சியவற்றில் மிக்கிருப்பவை நீரும் சர்க்கரையுமே. நம் கலியாணப் பந்தலில் வருவோர்க்கெல்லாம் அப்புட்டியை நீட்டுதல் நாகரிகமாய்விட்டது. தோப்பு வைத்திருப்பவன் வீட்டுக் கலியாணத்தில் புட்டிப் பானம் வழங்குதல், பால்கோவாவுக்குப் பெயர் போன ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்மாவு டப்பா கொண்டுபோவதை ஒக்கும்.

உண்ணும் முறையில் உள்ள பிழை இவ்வளவே. இனி விற்கும் முறையில் உள்ள பிழையைச் சொல்லப் புகுகின்றோம். இது சற்றுக் கசக்கும்.

சில ஆண்டுகட்கு முன் எம் இல்லத்துக்கு ஒரு பெட்டி மாம்பழம் வாங்கி வந்தோம். தோல் ஒரே சீராய்ப் பொன்னிறமாயிருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெளுப்பு, மணமில்லை, கொட்டையருகே புளிப்பு. உண்ட குழந்தைகளுக்கு வாயும் தொண்டையும் எரிந்தன. கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் அது. விற்றவர் அயலாரல்லர், நம்மவரே. பெயர் வேண்டா.

கார்பைடு கல் ஈரம் பட்டால் அசிட்டிலீன் என்னும் வாயுவை விடுகின்றது. அது காயின் தோலை விரைவில் மஞ்சளாக்கும். உள்ளே முற்றாத காயை முற்றச் செய்யாது. அக்கல்லில் பாஷாணமும் பாஸ்பரசும் சிறிது கலந்திருத்தல் உண்டு. அதைத் தினமும் கையாளும் கூலியாளுக்குக் கண்ணெரிச்சலும் தலைநோவும் வருகின்றன. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2011ஆம் ஆண்டு ஏற்பட்ட விதிகள், இக்கல்லாற் பழுக்க வைத்த பழத்தை விற்கலாகாதென்று தடுக்கின்றன. முற்றிய காய் தானே விடும் எத்திலீன் என்னும் வாயுவை மட்டும், பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேற்படாமல், அதற்குரிய அறையிற் செலுத்த அனுமதி உண்டு. அதற்கு வசதியில்லாதவருக்கு வைக்கோல் இருக்கவே இருக்கின்றது. முற்றிய காயைப் பறித்து வைக்கோலில் அடுக்கினால் சில நாட்களில் தானே பழுக்கும்.

தோப்புக் குத்தகை எடுத்தவர்களும் கமிஷன் மண்டி வைத்திருப்பவர்களும் இச்சபையில் இருக்கின்றனர். அவர்கள் கஷ்டத்தை யாம் அறியாமலில்லை. காற்றும் மழையும் அடித்தால் பிஞ்சு உதிர்கின்றது. முன்பணம் வட்டிக்கு வாங்கியது. முதற்பழத்துக்கே விலை அதிகம். ஒரு வாரம் முந்தினால் கடன் அடையும். ஆதலால் முற்றாத காயைப் பறித்துக் கல் வைக்கின்றனர். ஆனால் அப்பெட்டி எங்கே போகின்றது? நம் பிள்ளைகள் படிக்கும் ஊர்களுக்கு, நம் பெண்களைக் கொடுத்த ஊர்களுக்குப் போகின்றது. நம் குழந்தையின் வாயில் நம் கையாலேயே கல்லை வைக்கின்றோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வூர்ப் பழம் என்றால் நம்பி வாங்கலாம் என்னும் பெயர் போய்விட்டால், பின் எவ்வளவு முந்திப் பறித்தும் விலை கிடையாது. சப்பட்டையின் நல்ல பெயர் நம் பாட்டனார்கள் ஈட்டிய சொத்து. ஒரு வார இலாபத்துக்கு அதனை அடகு வைத்தல் அறமுமன்று, வியாபாரமுமன்று.

மூன்றாவது பிழை, பங்கிடும் முறை. யாம் இப்பொருளை எடுத்துக்கொண்டதே இதற்காகத்தான்.

காரைக்காலம்மையார் வரலாற்றை நீவிர் அறிவீர். கணவன் பரமதத்தன் அனுப்பிய மாங்கனிகள் இரண்டு. பசித்து வந்த அடியாருக்கு அம்மையார் ஒன்றைச் சோற்றோடு படைத்தார். நடுப்பகலில் வந்த கணவனுக்கு மற்றதைப் படைத்தார். அவன் சுவைகண்டு இன்னொன்றும் கேட்டான். அம்மையார் இறைவனை வேண்டிப் பெற்ற கனியையும் அவனுக்கே இட்டார். காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா எடுத்து இதனைக் கொண்டாடுகின்றனர். அன்புக்கும் பக்திக்கும் இவ்வரலாறு எல்லையென்பதில் ஐயமில்லை. ஆனால் இளமை தொட்டு இதனைக் கேட்டுவந்த எமக்கு, அண்மையிலேதான் ஒன்று தோன்றிற்று: வந்த கனிகளில் அம்மையாருக்கென ஒன்றும் இல்லை, அதனை யாரும் கேட்கவும் இல்லை.

அம்மையார் தெய்வப்பிறவி. நம் வீட்டுப் பெண்கள் இரத்தமும் சதையுமான மனிதர். எம் அன்னையார் மாம்பழம் அரியும் காட்சி இன்றும் எம் கண்முன் நிற்கின்றது. ஒரு கதுப்பு எம் தந்தையாருக்கு, மறுகதுப்பு ஆண்பிள்ளைகளுக்கு, பெண்பிள்ளைகளுக்கு ஓரத்துத் துண்டுகள், தமக்குக் கொட்டை. "எனக்குக் கொட்டை சூப்புவதுதான் பிடிக்கும்" என்பார். யாமும் அதை நம்பினோம். அவர் மறைந்த பின்னரே, பிடித்தது கொட்டையா, வேறொன்றும் எஞ்சவில்லையா என்று கேட்கத் தோன்றிற்று. எம் மகள் கருவுற்றிருந்தபோது இரத்தம் சோதித்த வைத்தியர், இருக்க வேண்டிய 11 கிராம் அளவுக்கும் மிகத் தாழ்ந்திருப்பதைச் சொன்னார். எம் வீட்டிலே உணவுக்குப் பஞ்சமில்லை, தோப்பும் உண்டு. குறை பண்டத்தில் இல்லை, பந்தியில் இருந்தது.

2019 முதல் 2021 வரையில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்த சோகை உண்டு. பாதிக்கு மேல்! இச்சபையில் வலப்புறம் அமர்ந்திருக்கும் தாய்மார்களிலும் பெண்களிலும் ஒருவர் விட்டு ஒருவர் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

முன்னர்ச் சொல்லாது வைத்த செய்தி இதுவே. கம்பு, பயறு, கீரை முதலிய நம் உணவில் இரும்புச்சத்து இருந்தாலும், உடல் அதை எளிதில் ஏற்பதில்லை. அதே வேளையில் 'சி' ஜீவசத்தும் உள்ளே சென்றால், இரும்பு கரைந்து இரத்தத்திற் சேர ஏதுவாகின்றது. உண்டவுடன் குடிக்கும் தேநீர் இதற்கு நேர்மாறாகத் தடுக்கின்றது. ஆகவே பெண்கள் சோற்றோடு பழம் உண்பதும், தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பதும் செலவில்லாத சிகிச்சைத் துணையாகும். மாங்காய்ப் பருவம் கழிந்த பின் கொய்யாவும் நெல்லியும் இவ்வேலையை இன்னும் நன்றாகவே செய்யும். இரத்தம் மிகக் குறைந்தவருக்குப் பழம் மட்டும் போதாது. வைத்தியர் தரும் இரும்பு மாத்திரையைத் தவறாது உண்ணல் வேண்டும்.

ஆதலின் இச்சபையார்முன் மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். ஒன்று: நம் சங்கத்தார் எவரும் கல் வைத்த பழத்தை விற்பதில்லை, வாங்குவதில்லை என்று இன்றே தீர்மானம் செய்தல் வேண்டும். இரண்டு: நம் வீட்டு விசேஷங்களில் புட்டிப் பானத்தை நீக்கி, அந்தந்தப் பருவத்துப் பழத்தை அரிந்து வழங்குதலும், பெண்களையும் குழந்தைகளையும் முதற்பந்தியில் அமர்த்துதலும் வேண்டும். மூன்று: ஒவ்வொரு வீட்டிலும் பெண்குழந்தை பிறந்தால் ஒரு ஒட்டு மாங்கன்று நடுதல் வேண்டும். இடமில்லாதவர் சங்கத்து நிலத்தில் நடட்டும். ஒட்டுக்கன்று நான்கைந்து ஆண்டிற் காய்க்கத் தொடங்கும். அக்குழந்தை பள்ளிக்குச் செல்லும்போது அவள் பெயரால் ஒரு மரம் பழுத்து நிற்கும். அம்மரத்தின் முதற்கதுப்பு அவளுக்கே ஆகுக.

இது பெரிய சீர்திருத்தமன்று. மேடையிற் பேசி மாலை பெறத்தக்க காரியமுமன்று. இன்று வீட்டுக்குச் சென்று, கத்தியைத் தாமே வாங்கிப் பழத்தை அரிந்து, ஒரு கதுப்பை மனைவிக்கோ மகளுக்கோ மருமகளுக்கோ முதலில் நீட்டுவது மட்டுமே. "எனக்குக் கொட்டைதான் பிடிக்கும்" என்று அவர் சொன்னால் நம்பாதிருங்கள். யாம் ஒருகாலத்தில் நம்பினோம். அப்பிழையை உங்கள் முன் ஒப்புக்கொள்ளவே இவ்வளவும் பேசினோம்.

 நம் குலமும் ஊரும் நோயற்று வாழ்க.